நாற்பத்து மூன்றாவது படகு

நவம்பர் முதல் வெள்ளி. நாகு தீவில்
நாலரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
கொட்டகைக்குள் நாற்பத்திரண்டு படகுகள்
வயிறு வற்றித் தூங்குகின்றன.
நாற்பத்து மூன்றாவது வெளியே, மரக்கட்டைகள் மேல்.
ரூரிக் எங்லுண்டுடையது.
இரண்டு வருஷப் பாக்கி.
'இந்த முறை ஒன்றும் செய்ய வேண்டாம்,
வசந்தத்தில் விற்றுவிடுவேன்' என்று
செய்தி அனுப்பியிருந்தான், கூடவே ஒரு கும்பிடு பொம்மை.

இன்றிரவு மைனஸ் பதினொன்று என்கிறது வானொலி.

கையுறையைக் கழற்றிக்கொண்டே மாயா-லிஸ் கேட்டாள்:
'அதையும் செய்யப் போகிறாயா?'
இல்லை என்றேன்.
அவள் கார் வளைவில் மறையும்வரை
இல்லையாகத்தான் இருந்தது.

பாக்கி வைத்தவன் அவன்.
இஞ்சின் யாருக்கு என்ன செய்தது?

ஏணி போட்டு ஏறினேன். தரைப் பலகையைத் தூக்கினால்
அந்த வாசனை: டீசல், ஈரக் கயிறு, எப்போதோ கொட்டிய காபி.
கடல்நீர் உறிஞ்சும் குழாயைக் கழற்றி
வாளித் தண்ணீருக்குள் விட்டேன்.
மூன்றாவது முறை சாவி திருகியதும்
கறுப்பாய் ஒரு தும்மல்,
பிறகு நாலு சிலிண்டரும் ஒரே பேச்சாய்ப் பேசின.

எண்ணெயைச் சூட்டோடு இறக்க வேண்டும்.
ஆறவிட்டால் அழுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு
மே மாதம்வரை இரும்பைத் தின்னும்.
இருபது நிமிடம் காத்திருந்தேன்,
வாளியை நிரப்பி நிரப்பி,
என்னையே திட்டிக்கொண்டு.

எண்ணெய் மாறியது. வடிகட்டி மாறியது.
பிறகு பக்கவாட்டில் இருக்கும் பித்தளைக் குழாயைத் திறந்தேன்.
ஒரு சொட்டுகூட வரவில்லை.

புதியவர்கள் ஏமாறும் இடம் இது.
வராவிட்டால் காலி என்று நினைத்துக்கொள்வார்கள்.
நானும் நினைத்தேன், முதல் வருஷம்,
டாக்டர் ஸ்டென்வாலின் படகில்.
ஏப்ரலில் பார்த்தால்
நகம் நுழையும் அளவுக்கு விரிசல்,
சமையல் கத்தியால் கீறியதுபோல் நேராக.
அவர் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால்தான் கருவிப்பெட்டியில் எப்போதும்
ஒரு சைக்கிள் கம்பி.
நுழைத்தேன், குத்தினேன், திருகினேன்.
துரு உதிர்ந்தது. மணல். சிப்பித் துண்டு ஒன்று.
பிறகு ஒரே பாய்ச்சலில்
ரூரிக்கின் ஜூலை மாதம் முழுவதும்
பழுப்பாய்,
என் முழங்கை வழியே சட்டைக்குள்.

ரப்பர்ச் சக்கரத்தை அப்புறம் எடுக்கலாம்; முதலில் இளஞ்சிவப்பு.
நாற்பத்திரண்டு பேர் படகுகளில் மிஞ்சியது,
ஒவ்வொரு கேனிலும் ஒரு கை அளவு.
எல்லாவற்றையும் ஒரே வாளியில் சாய்த்தேன்.
இஞ்சின் குடித்தது. வால்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன்:
உறைபனி படிந்த புல்மேல்
சிவந்து சிவந்து துப்பியது.
போதும்.

இப்போது ரப்பர்ச் சக்கரம். ஆறு இதழில் ஒன்று இல்லை.
இல்லாத இதழ் எங்கேயாவது இருந்தாக வேண்டும்;
போய்த் தொண்டையில் அடைக்கும்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி அரைமணி நேரம் தேடினேன்.
கிடைத்தபோது சத்தமாகவே சிரித்தேன்,
கேட்க ஒரு கடற்காகம்கூட இல்லை.

பேட்டரி வயரைக் கழற்றினேன். புகைக்குழாய் வாயில் எண்ணெய்த் துணி.
சக்கரத்தைக் கம்பியால் சாவியோடு சேர்த்துக் கட்டினேன்,
யார் வாங்கினாலும்
கிளப்புமுன் அதை அவிழ்த்தாக வேண்டும்.

ஏணியடியில் நின்று செய்தி தட்டினேன்:
'ரூரிக், நீ சொன்னபடி ஒன்றும் செய்யவில்லை.'
அழித்தேன்.
'இரண்டரை மணி நேரம். எண்ணெய் ஐந்து லிட்டர். வடிகட்டி ஒன்று.'
சிவப்பு நீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது என்னுடையதில்லை.
அனுப்பினேன்.
பதில் வராது, தெரியும்.

கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும்போதுதான் பார்த்தேன்:
கை மடங்க மறுத்தது.
முழங்கைவரை சட்டை விறைத்து
தட்டினால் டொக்கென்றது.
எங்காவது உறைந்தே தீர்வேன் என்றிருந்த தண்ணீர்
இடம் பிடித்துவிட்டது.