சூட்டுத் தட்டு

மரிஞா கிராந்தியில் இரவு ஷிஃப்ட்.
அச்சு வாய் திறந்திருக்கும் பதினோரு நொடிக்குள்
நான்கு ஊசியிலும் மரை வெட்டிய பித்தளைக் குழல்களை
எர்மெலிந்தா மாட்டியாக வேண்டும்.
சூட்டுத் தட்டிலிருந்து எடுத்துத்தான் மாட்டுவாள்.
மாதத்துக்கு இரண்டு ஜோடி கையுறை கருகும்.
பக்கத்து மெஷின் என்னுடையது,
அந்த வாடை எனக்குப் பழக்கம்.

தெல்ஃபிம் கணக்குப் போட்டார்:
மின்சாரம், கையுறை, சுற்றுக்கு மூன்று நொடி.
தட்டை அணைத்தார்கள்.

குளிர்ந்த பித்தளையைச் சுற்றிப்
பிளாஸ்டிக் இறுகிப் பிடித்தது.
இழுத்தோம், வரவில்லை. திருகினோம், அசையவில்லை.
சோதனைத் தாளில் எல்லாம் பச்சை.

இருபத்து மூன்றாம் நாள்
ரோட்டர்டாமிலிருந்து பெட்டிகள் திரும்பின.
சக்கர நாற்காலிக் கைப்பிடிகள்.
யாரும் பிடித்ததில்லை,
ஒரு போல்ட்கூட ஏறியதில்லை.
உறையைப் பிரித்தால்
ஒவ்வொரு துளையைச் சுற்றியும்
மயிரிழை மயிரிழையாய் விரிசல்.
நகத்தால் தொட்டுப் பார்த்தேன்.
பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிரவு தெல்ஃபிமே வந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
தட்டைப் போட்டார்,
சூடேறும்வரை நின்றார்,
கையிலிருந்த காப்பிக் கோப்பையை
அதன் ஓரத்தில் வைத்தார்.

எர்மெலிந்தா ஒற்றை விரலால்
கோப்பையை வெளியே நகர்த்தினாள்.
குழல்களைக் கொட்டிப் பரப்பினாள்.