நூறு அடி

சனிக்கிழமை காலை, ரப்பர் பூட்ஸில் ஐந்து பேர்,
சம்பளமில்லாத வாரியம்.
"இங்கே குளமே இல்லையே" என்கிறார் டெல்வெக்கியோ.
ஆகஸ்ட். சருகுதான் கிடக்கிறது, உண்மை.

டார்கஸ் பதில் சொல்லவில்லை.
மேப்பிள் மரங்களில்
முழங்கால் உயரத்தில் ஓடும் கறுப்புக் கோட்டை
விரலால் தொட்டுக்கொண்டே போகிறாள்
மரம் மரமாக.
ஒரே மட்டம்.
தண்ணீர் போட்டுவிட்டுப் போன கையெழுத்து.

அங்கிருந்து டேப் நீள்கிறது.
எண்பத்தொன்பதாவது அடியில்
அவர் மரத்தளத்துக்கு அடித்த முளைக்குச்சி.

செவ்வாய் இரவு, நகர மன்றத்தின் நிலவறையில்
நான்குக்கு ஒன்று:
தளம் பதினோரு அடி பின்வாங்க வேண்டும்.
அந்த ஒருவர் அவருக்குக் கார் விற்றவர்.

மார்ச். முதல் இளஞ்சூட்டு மழை.
கடலோர ரோட்டைக் கடந்து
சாலமாண்டர்கள் குளத்துக்கு வருகின்றன.
டார்ச்சை ஆட்டி வண்டிகளை நிறுத்துகிறார் டெல்வெக்கியோ,
இன்னும் கோபமாகத்தான்.