கரையிறங்கும் சீட்டு

சாயங்காலம் ஐந்தரைக்கு
மான்டிவிடியோவில் விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.
முட்டை அட்டையில் போனைச் சாய்த்து வைத்தேன்.
அந்தப் பக்கம் அலோசி, குரங்குக் குல்லாவில்.
இந்தப் பக்கம் முல்லை நகர் பஸ் ஸ்டாண்டு வெக்கை,
ஆரஞ்சு நூடுல்ஸ், நறுக்கிய கோஸ்,
பூண்டெண்ணெய் பட்ட என் கட்டைவிரல்.

பதினோரு மாதத்தில் முதல்முறையாகக்
கப்பல் அவனைக் கீழே விட்டிருக்கிறது.
ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும்,
அவர்கள் ஆறு மணிக்குள்.
"உருகுவேக்குத் தலைநகரம்மே இது.
முழுசா காட்றேன், வா."

ஊரே அக்குளில் ஃபிளாஸ்கை இடுக்கிக்கொண்டு நடந்தது.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி பார்வை நேரமா, என்று கேட்டேன்.
இல்லையாம். ஏதோ தழையாம், வெந்நீராம்,
குடுவையில் குழலைப் போட்டு
உறிஞ்சிக்கொண்டே வேலைக்குப் போவார்களாம்.
அக்கா, ஒரு அத்தோ, பேஜோ தூக்கலா, என்று யாரோ கேட்க
அதற்குள் ஒரு தெருவைத் தவறவிட்டேன்.

பிறகு ஒரு பெரிய சதுக்கம்.
பனை மாதிரி மரங்கள். நடுவில்
குதிரை மேல் ஒருவர், கறுத்த வெண்கலம்.
"சுத்திக் காட்டு," என்றேன். சுற்றினான்.
"இன்னொரு தபா."
"இன்னா தேட்ற?"
கூண்டு.
கம்பி இல்லை. பூட்டு இல்லை.
நாற்காலி போட்டுத் தூங்கும் போலீஸ்காரர் இல்லை.
குதிரைக்குக் கீழே ஒரு பையன்
படியில் மல்லாந்து பன் தின்றுகொண்டிருந்தான்.

தண்டல் வாங்க வந்த ஏகாம்பரம்
எப்போதும் அணைக்காத வண்டியை அணைத்தார்.
குல்லா, குதிரை, மரம் எல்லாம் பார்த்தார்.
"அங்கெல்லாம் வட்டி எவ்ளோ தம்பி?"
அலோசிக்குத் தெரியவில்லை.
முந்நூறை வாங்கி அட்டையில் குறித்துக்கொண்டு
சிலை நல்லா கீது, என்று கிளம்பினார்.

துறைமுகத்துப் பக்கம் இரும்புக் கூரைச் சந்தை.
சாய்த்த கம்பிகளில், விறகுத் தணலில்,
மாட்டு விலா முழுசு முழுசாக.
ஒரு தட்டு விலை என் இரண்டு நாள் வியாபாரம்.
போனை நெருப்புக்குக் கிட்டே கொண்டுபோய்
"வாசன வருதா?" என்றான்.
வருது, என்றேன்.
எனக்கு வந்தது பூண்டுதான்.
வெளியே வந்து அவன் ஒரு பன் வாங்கித் தின்றதை
நானாகக் கேட்கவில்லை.

கல்லைக் கழுவி, வண்டிக்குச் சங்கிலி போட்டு,
ஹவுசிங் போர்டு மொட்டை மாடிக்கு ஏறியபோது
அவன் ஆற்றங்கரையில் இருந்தான்.
"அக்கர எங்க?"
"தெரில. அந்தாண்ட வேற நாடாம்."
கேப்டன் காட்டன் கால்வாயின் நிறத்தில்
கடல் அளவு தண்ணீர்.
நீண்ட கல்சுவரில் வரிசையாகத் தூண்டில்காரர்கள்.
ஒருவருக்கு மீன் விழுந்ததும்
ஊர் பார்க்க வந்ததை மறந்து ஓடினான்.
"பன்னாம்மே! நம்ம பன்னா!"
காசிமேட்டில் பிறந்தவனைப்
பத்தாயிரம் மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும்
செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வரமாட்டான்.

இரண்டு மணி எட்டு நிமிஷத்துக்கு,
என் நடுராத்திரியில்,
சூரியன் ஆற்றில் இறங்கியது.
பக்கத்துத் தண்ணீர்த்தொட்டி மட்டும்
என் முகத்து வெளிச்சத்தில் கொஞ்சம் சிவந்தது.
இரண்டு பேரும் பேசவில்லை.
மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.
"குளிரு," என்றான்.
நான்கு சதவீதத்தில் அவன் கப்பல் தெரிந்தது,
இரண்டில் அதன் துரு,
அப்புறம் என் முகம், கறுப்புக் கண்ணாடியில்.

தூக்கம் வரவில்லை.
லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்க இறங்கினேன்.
தெருமுனையில் நம் சிலை.
நீலக் கோட்டு, தூக்கிய விரல்,
நாலு பக்கமும் கம்பி.
போன ஏப்ரல் மாலையின் நார் இன்னும் உள்ளே கிடக்கிறது.
சாவி யாரிடம் என்று
வாழ்க்கைப்பட்டு வந்த பதினாறு வருஷத்தில் கேட்டதில்லை.
பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
யாரோ புதிதாக எண்ணெய் விட்டிருந்தார்கள்.
விரலை முகர்ந்தேன்.
தேங்காயெண்ணெய்.