நீலமாகாதது

ஐந்து மாத்திரை, ஐந்து சோதனைக் குழாய்.
ஆறாவதில் பக்கிரிசாமியின் காலைக் கஞ்சி கொஞ்சம்,
ஒப்பிட்டுப் பார்க்க.
கடைசி மணி அடித்து
பிளஸ் டூ பிள்ளைகள் போய்விட்டார்கள்.
பத்தொன்பது வருஷமாக இந்த ஆய்வகத்தில்
குடுவை கழுவுகிறேன், அமிலம் அளந்து வைக்கிறேன்.
எனக்கென்று எதையும் சோதித்ததில்லை.

தஞ்சாவூர் டாக்டர் ஒரு தாள் கொடுத்தார்.
முன்பக்கம் முழுக்கக் கூடாதவை:
சோறு, இட்லி, அவல், பொரி,
உருளை, சேனை, சேம்பு, பால், சீனி.
பின்பக்கம் பாதி வெற்றிடம்.
முட்டை, மீன், பூசணி, நன்றாகக் கனிந்த பழம்,
ஒரு நாள் முழுக்க உறையவிட்ட தயிர்.
எந்த ஊர் என்று கேட்டார்.
நீடாமங்கலம் என்றேன்.
பேனாவை மூடிக்கொண்டே சிரித்தார்,
கெட்ட சிரிப்பில்லை.
ஆறு மூன்றாகப் பிரிகிற இடத்தில் குடியிருந்து
பதினொரு மாதமாக
ஒரு பருக்கை தொடவில்லை நான்.

குடல் அடங்கிவிட்டது.
சீப்பில் முடி வந்தது.
நடுராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து
சுவரைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது.
ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்:
துத்தநாகம் போதாது, மக்னீசியம் போதாது.
"வாங்கிச் சாப்பிடுங்க. மாவு சேர்க்காததாப் பாத்து வாங்குங்க."

மாத்திரைக்குள் மாவு இருக்கும் என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ரவூப் பாய் கடையில் லென்ஸ் வைத்துப் படித்தோம்.
எறும்புக்கால் எழுத்து.
மக்காச்சோள மாவு என்றது ஒன்று.
பால் சர்க்கரை என்றது ஒன்று.
மூன்றாவது, "இதர சேர்மானங்கள், தேவையான அளவு."
"யாருக்குத் தேவையான அளவும்மா இது?"
பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒற்றை மாத்திரை வெட்டித் தராத மனுஷன்
எனக்காக ஐந்து அட்டையில் கத்தரி வைத்தார்.

இடித்தேன். வெந்நீரில் கலக்கினேன்.
ஆறவிட்டு அயோடின், ஆளுக்கு ஒரு சொட்டு.
விரலிலும் வழிந்தது.
முதலாவது நீலம்.
இரண்டாவது, கண்ணிமைக்குமுன்
கருநீலம்.
மூன்றாவது யோசித்து யோசித்து ஊதாவானது,
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை மாதிரி.
நாலாவது நிறம் மாறவில்லை.
சந்தோஷப்படவில்லை நான்;
பால் சர்க்கரையிடம் அயோடின் வாய் திறக்காது.
பெனடிக்ட் ஊற்றிச் சுட வைத்தேன்.
செங்கல் சூளை.

கஞ்சிக் குழாயைக் கொஞ்ச நேரம்
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தேன்.
ராத்திரி போலிருந்தது.
வேறெதற்கும் இல்லை, நிறத்துக்காக.

ஐந்தாவது, கூட்டுக்குள் அடைத்த வெள்ளைப் பொடி.
அயோடினுக்குப் பழுப்பு. பெனடிக்டுக்கு நீலம்.
வந்த நிறத்திலேயே நின்றது இரண்டிலும்.
இருப்பதிலேயே விலை அதிகம்:
அறுநூற்று நாற்பது, அதுவும் துத்தநாகத்துக்கு மட்டும்.
மக்னீசியத்துக்கு இன்னொரு நாள்
இன்னொரு ஐந்து குழாய்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்குள் அரைமணி.

வயலில் பக்கிரிசாமி மணலைக் குவித்து
துத்தநாக சல்பேட் கலந்துகொண்டிருந்தார்.
நாளை மறுநாள் சம்பா நடவு.
மண் பரிசோதனை அட்டை மடிப்பில் கிழிந்து
சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.
"உனக்கு எவ்வளவு?"
"இருபது மில்லிகிராம்."
"இதுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ."
"லேபிள் படிச்சீங்களா?"
"மூட்டையில என்னத்தப் படிக்கிறது. நிலமா கேக்கப் போவுது?"
சிரித்துவிட்டுத் தூக்குவாளியைத் தூக்கி
மிச்சக் கஞ்சியை அண்ணாந்து குடித்தார்.
எனக்கு எதிரில் சோறு உண்ணமாட்டார்,
பதினொரு மாதமாக முதுகு காட்டித்தான்.
இன்றைக்கு மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை.

வாளியை நீட்டினார், வாங்கினேன்.
விளிம்பிலிருந்து ஒரு சொட்டு
அயோடின் பட்ட விரலில் விழுந்தது.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாய்க்காலில் கழுவ
ரொம்ப நேரமாயிற்று.