சிவப்பு நட்சத்திரம் இல்லாத கட்டம்

புரசைவாக்கம், இரண்டாம் மாடி.
'லிஃப்ட் பழுது' என்ற அட்டைக்கே
ஒரு வயது முடிந்துவிட்டது.
நான் இங்கே தட்டச்சு செய்கிறவள்.
பதினொரு மாத ஒப்பந்தம், ஒருநாள் இடைவெளி,
மறுபடி பதினொரு மாதம்.

தேவசகாயம் படியேறி வந்தார்.
சௌகார்பேட்டையில் ஓர் அடுக்ககத்துக்குத்
தண்ணீர் மோட்டார் போடுகிறவர்.
பால் ரசீதின் பின்பக்கம்
மூன்று தேதிகள் எழுதி வைத்திருந்தார்.

"பத்து ஒன்பது எட்டுக்கு மூணு வாட்டி அடிச்சேன் மேடம்."

திறந்து பார்த்தேன். மூன்றும் இருந்தன.
முதல் அழைப்பு: அந்தப் பெயரில் இரண்டு தெரு,
போனவர் மற்றதற்குப் போயிருக்கிறார்.
இரண்டாவது: கதவு பூட்டியிருந்தது.
பூட்டு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று
கேட்க ஒரு கட்டம் இல்லை.
மூன்றாவது காவல் நிலையத்துக்குப் போய்
சாலைக்கு அந்தப் பக்கத்து நிலையத்துக்குப் போய்
திரும்பி வந்திருக்கிறது.
நிலை: முடிக்கப்பட்டது.

முடித்தது நான்தான்.
மார்ச் முப்பத்தொன்று மாலை.
டெல்லிக்குப் போகும் பட்டியலில்
நிலுவை பூஜ்யம் ஆகவேண்டும் என்றார்கள்.
நாற்பத்திரண்டு முடித்தேன்.
அன்று கணக்காளருக்குப் பிறந்தநாள்,
கேக் நன்றாக இருந்தது.

"குழந்தையோட விவரம் சொல்லக்கூடாது. சட்டம்" என்றேன்.
நல்ல சட்டம் அது.
அவள் பெயர் கண்டவர் வாயில் உருளக்கூடாதென்று
யாரோ யோசித்து நெய்த போர்வை.
அதே போர்வையைத்தான் இழுத்துவிட்டுக்கொண்டு
நாங்கள் இத்தனை பேர்
கால் நீட்டிப் படுத்திருக்கிறோம்.

"பேரு எனக்கு எதுக்கு மேடம்?
தெரியவும் தெரியாது.
இருக்காளா, அதை மட்டும் சொல்லுங்க."

காலை நாலு மணிக்கு அவர் மோட்டார் போடும்போது
மொட்டைமாடிக்குத் துணியோடு வருவாளாம்.
கொடி எட்டாது.
வாளியைக் கவிழ்த்து ஏறி நிற்பாளாம்.
ஒருநாள் வலதுகையில்
மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையைச் சுற்றியிருந்தாளாம்,
ஈரம் படாமலிருக்க.

"ஈஸ்டருக்கு அப்புறம் காணோம்.
வாளி கவுந்தபடியே கெடக்கு."

அவர் போனபிறகு படிவத்தை மேலிருந்து பார்த்தேன்.
வயது, பால், அங்க அடையாளம்:
எல்லாவற்றின் மேலும் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
கடைசிக் கட்டம், 'பொறுப்பு அலுவலர்'.
நட்சத்திரம் இல்லை. விரும்பினால் நிரப்பலாம்.
நாற்பத்திரண்டிலும் யாரும் விரும்பவில்லை.

என் பெயரை அடித்தேன்: கோ. யசோதரை.
'பட்டியலில் இல்லாத பெயர்' என்றது கணினி.
ஒப்பந்தக்காரர்கள் பட்டியலில் கிடையாது.

படிக்கட்டுக்கு வந்தேன்.
முழங்கால் வலியோடு
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து
தேவசகாயம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்.
என் கைபேசியில் பத்து ஒன்பது எட்டு அழுத்தினேன்.
காத்திருக்கச் சொன்னது. காத்திருந்தேன்.

"குழந்தையின் பெயர்?"

"தெரியாது," என்றேன்.
"வாளியைக் கவிழ்த்து
ஏறி நிற்பாள்."