இடது கால்

ஆடி மாசத்து மேல்காற்று
பொதிகையில் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டு
வெறுங்கையோடு வரும் கயத்தாறுக்கு.
காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பி
யாரோடோ பேச்சு முறிந்தவர்கள் மாதிரி நிற்கும்.
அன்றைக்கு எங்களுக்குக் காற்றுப்பை எதற்கு?

தகரக் கொட்டகைக்கு வெளியே
ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
ஒன்றுக்கு ஒரு கால் கிடையாது.
அதைக் கம்பிவேலியில் சாய்த்து உட்கார்வார் பேரின்பராஜ்.
பதினோராயிரம் மணி நேரம் பறந்த இடுப்பு அது,
மூன்று கால் போதும் அதற்கு.

"வாரான்."
வடக்கே, வெயிலில் ஒரு கொசு.
அது செஸ்னா ஆகும்வரை
யாரும் டீயை வாயில் வைக்கவில்லை.

"உயரம் சாஸ்தி" என்றான் மீரான்.
"வேகமும்தான். ரெண்டையும் கட்டிக் கொண்டாந்து
நம்ம தலையில கொட்டப் போறான்."
"மூக்கைப் பாருங்க" என்றாள் உலகம்மை,
"சங்கரன்கோயிலுக்குப் பிரியாணி திங்கப் போற மாதிரி
மேக்க பாத்துக்கிட்டே தெக்க வருது."

முதல் அடி.
டயர் கீச்சிட்டது, ஓரத்தில் மேய்ந்த மயில் ரெண்டும்
தோகையைத் தூக்கிக்கொண்டு ஓடின.
விமானம் ஓர் ஆள் உயரம் எழும்பி
யோசித்தது.
மறுபடி அடி. மறுபடி யோசனை.
மூன்றாவது முறைதான் தரைக்குச் சம்மதம்.

மீரான் கண்டக்டர் குரலில் ஆரம்பித்தான்:
"கங்கைகொண்டான் எறங்கு... தாழையூத்து எறங்கு...
ஜங்ஷன் கடேசி, எல்லாரும் எறங்கு!"
பேரின்பராஜ் சிரித்த சிரிப்பில்
வேலி இரண்டு தூண் தூரம் ஆடியது.

சிரிப்பு ஓய்ந்து குனிந்தபோதுதான் பார்த்தேன்.
எங்கள் எல்லோருடைய இடது குதிகாலும்
சரளில் புதைந்திருந்தது.
பேரின்பராஜின் செருப்பு வார் அறுந்திருந்தது.
உலகம்மை கிளாஸை நெஞ்சோடு இழுத்துப் பிடித்ததில்
வெள்ளைச் சட்டையில் டீ.
வாய் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்க
கை அவனுக்காக மூக்கைத் தூக்கியிருக்கிறது,
கால் அவனுக்காக மிதித்திருக்கிறது.
யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. நானும்.

கோயில்பிள்ளை நடந்து வந்தான்,
ஹெட்செட் கழுத்தில் தொங்க.
"பாத்தீங்களா?"
"என்னத்த?" என்றார் பேரின்பராஜ்.
"மழை வருமான்னு வானத்தப் பாத்துக்கிட்டு கெடந்தோம்."
மேகமே இல்லை.
மீரான் உதட்டைக் கடித்துக் கொஞ்ச நேரம் தாங்கினான்.
"அண்ணாச்சி, தாழையூத்துக்கு மிச்சச் சில்லறை..."
கோயில்பிள்ளையும் சிரித்தான்.
அவன் வாங்கிய கிளாஸ் தட்டின் மேல்
தானாகத் தாளம் போட்டது.
உலகம்மை அதை வாங்கிக் கீழே வைத்தாள்,
ஆறட்டும் என்றாள். அது ஆறித்தான் இருந்தது.

நாலரைக்கு என் முறை.
காற்று அப்படியே இருந்தது.
நான்தான் எப்படியோ வேறாக இருந்தேன்.
வலது இறக்கை தாழ, மூக்கு நேராக,
இடது கால் கேட்ட நேரத்தில் கேட்ட அளவு.
எங்கே வானம் முடிந்தது என்று
எனக்கே தெரியவில்லை.
நாற்பத்தியொரு மணி நேரத்தில் இப்படி ஒன்று
எனக்கு வாய்த்ததில்லை.
திரும்பி நாற்காலிகளைப் பார்த்தேன்.

ஆறும் காலி.

கொட்டகைக்குப் பின்னால்
பெட்ரோல் டிரம் ஏற்றி வந்த டெம்போ சரளில் புதைந்து
அத்தனை பேரும் "ஏலே, தள்ளு, தள்ளு" என்று
முதுகைக் கொடுத்திருந்தார்கள்.
வேலியோரம் ஒரு வெள்ளாடு மட்டும் நின்றது.
அதுவும் கடம்பூர்ப் பக்கம் பார்த்து.

"பாத்தீங்களா?" என்றேன்.
மூச்சிரைக்க நிமிர்ந்தார் பேரின்பராஜ்.
"எறங்கிட்டியா? சத்தமே கேக்கலையே."
இதைவிட ஒரு பாராட்டு கிடையாது என்று
ராத்திரி, படுக்கையில்தான் புரிந்தது.
அப்போது கோபம் வந்தது.

கால் இல்லாத நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.
வடக்கே அடுத்த கொசு.
அளவான உயரம், அளவான வேகம்,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
"உயரம் சாஸ்தி" என்றேன் சத்தமாக.
இடது கால் அதற்குள் மிதித்துவிட்டிருந்தது.