பதினேழாம் செல்

பூம்பாறைக் கோபுரத்தின் அடியில்
தகரக் கொட்டகைக்குள் இருபத்து நான்கு செல்கள்
கழுத்தளவு அமிலத்தில் நிற்கின்றன.
மானியை இறக்கி உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேன்.
ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு,
மறுபடி இருநூறு.
பதினேழாவதில் மட்டும்
மிதவை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது,
பள்ளிக்கு வரமாட்டேன் என்கிற பிள்ளையாய்.

நேற்று ராத்திரி எட்டரைக்குக் கரண்டு போனது.
எட்டு ஐம்பதுக்குக் கோபுரம் செத்தது.
விடிந்தால் வடுகபட்டிச் சந்தை.
விலை கேட்க வழியில்லாமல்
நாற்பது மூட்டைப் பூண்டை ஜீப்பில் ஏற்றி அனுப்பிய சடையாண்டி
இப்போது வாசலில் நிற்கிறார், மப்ளரை அவிழ்க்காமல்.
"இருநூறுக்குப் போகவேண்டியது
நூத்திமுப்பதுக்குப் போச்சு.
உன் டப்பாவுக்குள்ள என்னதாம்மா இருக்கு?"

என்ன இருக்கிறது.
சொன்னால் நிற்பாரா?

ஈயம் இருக்கிறது, அண்ணே.
ஒவ்வோர் ஈயத்தைச் சுற்றியும் ஆறு ஆக்சிஜன்.
இரண்டு கூம்பை அடியோடு அடி ஒட்டியது போல
ஓர் எண்முகம்.
அது பக்கத்து எண்முகத்தோடு விளிம்பைப் பங்கு போடும்,
ஒரே வரப்பில் நிற்கும் உங்கள் இரண்டு பாத்தி மாதிரி.
எதிரெதிர் விளிம்புகளைப் பங்கு போட்டால்
சங்கிலி நேராக ஓடும்,
வத்தலக்குண்டு தாண்டிய சாலையாய்.
விளிம்பு மாறிப் போட்டால்
நெளிந்து நெளிந்து ஏறும்,
கொடைக்கானலிலிருந்து இங்கே வருகிற வழியாய்.
இரண்டும் ஒரே கரும்பழுப்பு.
ஆட்களும் அவர்களேதான்.
கைகோத்த விதம் வேறு.

நேராய் நிற்பது அள்ளிக் கொடுக்கும்.
நெளிந்து நிற்பது கிள்ளித்தான் கொடுக்கும்,
ஆனால் தகட்டை விடாமல் பிடித்திருக்கும்.
கரண்டு போய்க் கரண்டு வரும் ஒவ்வொரு தடவையும்
நெளிந்ததில் கொஞ்சம் நேராகிவிடுகிறது.
இன்னும் கொடு என்கிறோம், கொடுக்கிறது.
பிறகு ஒரு நாள்
பிடித்துக்கொள்ள ஆளில்லாமல்
தகடு தளர்ந்து சேறாகி அடியில் விழுகிறது.

இதில் ஒரு சொல்லையும் நான் சொல்லவில்லை.
"செல் போச்சுண்ணே. ஆபீசுக்கு எழுதியிருக்கேன்" என்றேன்.
மூன்றாம் முறை எழுதியிருக்கிறேன்.
அதையும் சொல்லவில்லை.

மூடியைக் கழற்றி மூங்கில் குச்சியால் துழாவினேன்.
நுனியில் சாக்லேட் நிறச் சேறு,
நடுநடுவே வெள்ளைப் பொரி.
மார்கழிப் பனியில் பாதி வெறுமையாய்க் கிடந்தால்
வருவது இந்த வெள்ளை.
பொடியாய் இருக்கும்வரை கரைந்து திரும்பும்.
கல்லாய் முற்றிவிட்டால்
எவ்வளவு கரண்டு விட்டும் பயனில்லை.

மதுரையில் ஒரு கருவி இருந்தது.
இப்படியொரு சிட்டிகையை அரைத்து வைத்தால்
எக்ஸ்ரே அதன் மேல் பட்டுச் சிதறும்.
இருபத்தைந்து புள்ளி நாலில் கோடு எழும்பினால் நேர்,
இருபத்தெட்டரையில் எழும்பினால் நெளிவு.
உதவித்தொகை நின்ற மாதத்தில்
நூற்றுப்பத்தாம் பக்கத்தில் ஆய்வேடு நின்றது.
கதிர் விழும் அறையின் குளிரும்
பச்சை விளக்கும் மறந்துவிட்டன.
கோணங்கள் மறக்கவில்லை.
பேருந்து நம்பர் போல எப்போதாவது வாயில் வந்துவிடும்.

பதினாறையும் பதினெட்டையும்
செம்புப் பட்டையால் இணைத்தேன்.
இருபத்து மூன்றே போதும் என்று
கோபுரம் ஒத்துக்கொண்டது.
சிவப்பு விளக்கு பச்சையானதும்
சடையாண்டியின் சட்டைப்பையில் போன் அலறியது.
மேட்டுக்கு ஓடி மூடுபனிக்குள் கத்தினார்:
"எவ்ளோ? எவ்ளோ சொன்னே?
இன்னொருக்கா சொல்லு!"

காவலாளி வேலப்பன் வாளியை நகர்த்தி வைத்தார்.
"கையக் கழுவும்மா. வெசம்."
சோடாத்தூள் போட்ட தண்ணீர் நுரைத்தது.
மோதிரவிரல் நகத்தின் இடுக்கில் மட்டும்
பழுப்பு போகவில்லை.
எந்த வகையென்று
இனி யார் பார்க்கப்போகிறார்கள்?
வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்தேன்.
பிறகு பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன்.